பேட் ஷூவுக்குள்ள, அப்பா வீட்டுக்குள்ள

நம்மில் பல பேருக்கு இப்போது இரண்டு பக்கமும் கவனிப்பு வேலை. ஒரு பக்கம் பிள்ளைகளுடைய ஸ்கூல் ஷூ, இன்னொரு பக்கம் அப்பா அம்மாவுடைய சுகர் மாத்திரை. இதற்கு நடுவில் ஒரு பொருள் சத்தமில்லாமல் நம் வீடுகளுக்குள் வந்துகொண்டிருக்கிறது. காலுக்கு அச்சு எடுத்து, நுரைப் பொருளில் செய்து, ஷூவுக்குள் வைக்கிற இன்சோல். கிளினிக்கில் அதை ஆர்த்தாட்டிக் என்பார்கள். எங்க வீட்டில் அதற்குப் பெயர் 'பேட்', அவ்வளவுதான்.

அப்பாவுக்கு வயது 74. சுகர் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன வருஷப் பாதப் பரிசோதனையில், உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று சொல்லி இந்தப் பேட் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் நிறையக் கேட்டேன், நிறையப் படித்தேன். அதில் உங்களுக்கும் பயன்படும் என்று தோன்றியதை இங்கே எழுதுகிறேன். முக்கியமாக ஒரு விஷயம். எவ்வளவு நல்ல பேட் ஆனாலும் காலுக்கு அடியில் இருந்தால்தான் வேலை செய்யும். நம் வீடுகளிலோ, ஷூ வாசலோடு நின்றுவிடுகிறது.

வலிக்கவில்லை என்பதுதான் பிரச்சினை

சுகர் நீண்ட நாள் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் நரம்புகள் பாதிக்கப்படும். நீளமான நரம்புகள் முதலில் போகும் என்பதால், கால் விரல்களிலும் உள்ளங்காலிலும்தான் அது முதலில் தெரியும். சிலருக்கு எரிச்சல், சிலருக்கு ஊசி குத்துவது போல. பல பேருக்கு ஒன்றுமே தெரியாது. மெல்ல மரத்துப்போகும்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை ரொம்ப எளிது. நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் வைத்து, அது வளையும்வரை அழுத்துவார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்த இழை அது. கண்ணை மூடிக்கொண்டு, "இப்போ தெரியுது" என்று சொல்ல வேண்டும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு அமைதியாக இருந்தார். இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் வலது காலில் நான்கு இடத்தில் தொட்டு முடித்திருந்தார்கள்.

காலில் உணர்ச்சி இருக்கிறவர்கள் நடக்கும்போது, நம்மை அறியாமலேயே ஒரு வேலை செய்துகொண்டே இருக்கிறோம். ஓர் இடத்தில் அழுத்தம் அதிகமானால் எடையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம். ஷூ கடித்தால் கழற்றிவிடுவோம். மரத்துப்போன காலுக்கு அந்தத் தகவல் வராது. ஒரே இடத்தில், ஒரே மாதிரி, ஆயிரக்கணக்கான தடவை அழுத்தம் விழும். முதலில் அங்கே தோல் தடிக்கும். தடித்த தோல் ஒரு கூழாங்கல் போல உள்ளே இன்னும் அழுத்தும். கடைசியில் அதற்கு அடியில் சதை கிழிந்து புண்ணாகும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பெரும்பாலும் இது நடக்கிற இடம் முன்பாதம். விரல்களுக்குப் பின்னால் இருக்கிற மேட்டுப் பகுதி, குறிப்பாகக் கட்டைவிரலுக்குக் கீழே. ஒவ்வொரு அடியிலும் காலைத் தூக்கி எடுக்கும்போது உடம்பு எடை முழுக்க அந்தச் சின்ன இடத்தில்தான் நிற்கிறது.

பேட் என்ன செய்கிறது

மெத்தை மாதிரி மெத்தென்று இருக்கும், அவ்வளவுதானே என்று நானும் நினைத்திருந்தேன். மெத்தை என்பது பாதி வேலைதான். மீதி வேலை, எடையைப் பரப்புவது.

வெறும் தரையில் நின்றால் குதிகாலும் முன்பாதமும்தான் தரையைத் தொடும். நடுவில் இருக்கும் பாதக் குழி சும்மா இருக்கும். காலின் வடிவத்துக்கே செய்த பேட் அந்தக் குழியையும் நிரப்பி, "நீயும் கொஞ்சம் எடை தாங்கு" என்கிறது. அதே எடை, தாங்கும் பரப்பு அதிகம், எனவே ஓரிடத்தில் விழும் அழுத்தம் குறைவு. புண் வந்து ஆறியவர்களுக்குச் செய்யும் ஷூவும் பேடும், ஆபத்தான இடத்தின் அழுத்தத்தை 30 சதவீதமாவது குறைக்க வேண்டும் என்பது பாத மருத்துவத்தில் சர்வதேச அளவில் வைத்திருக்கும் இலக்கு.

அப்பாவுக்கு அளவெடுத்தது பார்க்கவே வேடிக்கையாக இருந்தது. பூ அலங்காரத்துக்குப் பூ சொருகுவார்களே, அந்த மாதிரி நொறுங்கும் நுரை நிரப்பிய ஒரு பெட்டி. நாற்காலியில் உட்காரவைத்து, காலைப் பிடித்து, அதற்குள் நேராக அமுக்கினார்கள். ஈர மண்ணில் பதிந்த கால் மாதிரி அச்சு விழுந்தது. "கோலத்துல கிருஷ்ணர் பாதம் போடுற மாதிரி இருக்கே" என்றார் அப்பா. சில இடங்களில் பெட்டிக்குப் பதில் ஸ்கேனர் வைத்திருக்கிறார்கள். ஸ்கேன் கணினிக்குப் போய், அங்கிருந்து ஒரு மெஷின் நுரைக் கட்டியைக் கடைந்து எடுக்கும். எந்த வழியானாலும் அச்சு சரியாக விழுந்தால் சரி.

பேடைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று அடுக்கு இருக்கும். அடியில் கொஞ்சம் கெட்டியான ஈ.வி.ஏ. நுரை. ஓட்டப் பந்தய ஷூவின் நடு அடுக்கிலும் அதுதான் இருக்கும். வடிவத்தைப் பிடித்து வைப்பது அதன் வேலை. மேலே தோலைத் தொடும் இடத்தில் பிளாஸ்டசோட் என்ற மென்மையான பாலிஎத்திலீன் நுரை. சூடாக்கினால் இளகி, காலின் வடிவத்துக்குப் படியும். ஆனால் அது சீக்கிரம் அமுங்கித் தட்டையாகிவிடும். அதனால் பல பேடுகளில் இரண்டுக்கும் நடுவில் போரான் மாதிரி பாலியூரித்தேன் நுரை ஒன்று வைப்பார்கள். அமுக்கி விட்டால் பழையபடி எழும்பி வரும் குணம் அதற்கு உண்டு. நல்ல இட்லியை விரலால் அமுக்கிப் பாருங்கள், அந்த மாதிரி.

வேலூரில் ஆரம்பித்த கதை

இதைப் படித்துக்கொண்டு போனபோது எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. மரத்துப்போன காலை எப்படிக் காப்பாற்றுவது என்ற அறிவில் ஒரு பெரிய பங்கு நம் பக்கத்திலிருந்து வந்தது. சுகர் நோயாளிகளிடமிருந்து இல்லை, தொழுநோயாளிகளிடமிருந்து.

டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கே மிஷனரிகள். இங்கிலாந்தில் மருத்துவம் படித்துவிட்டு 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த வருஷம் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தது அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விரல்கள் விழும் என்றுதான் அப்போது பொதுவாக நம்பினார்கள். பிராண்டும் அவருடன் வேலை செய்தவர்களும் நோயாளிகளைக் கூடவே இருந்து கவனித்தார்கள். சதையில் கோளாறு இல்லை. நரம்பு செத்து, வலி தெரியாமல் போனதுதான் காரணம். சூடு தெரியாமல் பாத்திரத்தைத் தூக்குகிறார்கள். ஆணி குத்தியது தெரியாமல் நடக்கிறார்கள். காயத்தின் மேலேயே திரும்பத் திரும்ப மிதிக்கிறார்கள்.

அப்படியென்றால் காலுக்கு மருந்தைவிட முக்கியம் செருப்பு. வேலூரிலும் பக்கத்தில் கரிகிரியிலும் மைக்ரோசெல்லுலார் ரப்பர், அதாவது நுண்ணிய காற்றறைகள் உள்ள மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்புகளை நோயாளிகளுக்குச் செய்து கொடுத்தார்கள். அதைத்தான் இன்றும் ஊரில் எம்.சி.ஆர். செருப்பு என்கிறார்கள். திருச்சியிலோ மதுரையிலோ மருத்துவச் செருப்புக் கடையில் 'சுகர் செருப்பு' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பதும் அதுதான்.

எடையைப் பாதம் முழுக்கப் பரப்பும் யோசனைக்கும் ஒரு பக்கத்து ஊர்ச் சரித்திரம் இருக்கிறது. பாதப் புண் உள்ள தொழுநோயாளிகளுக்குக் கால் முழுவதும் ஒட்டிப் படியும்படி மாவுக்கட்டு போட்டு நடக்கவைக்கும் முறையை 1930-களில் இலங்கையில் செய்தவர் அறுவை சிகிச்சை நிபுணர் மில்ராய் பால். பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, இந்த முறைகளும் அவருடன் போயின. சுகர் நோயாளிகளின் காலும் இதே மாதிரிதான் கெட்டுப்போகிறது என்பது அங்கே தெளிவானது. பெரிய காயம் ஒன்றைவிட, சின்ன அழுத்தம் ஆயிரம் தடவை விழுவது ஆபத்து என்பதை அவர் ஆராய்ந்து காட்டினார். இன்றைக்கு உலகம் முழுக்கச் சுகர் பாத கிளினிக்குகள் செய்வதற்கு அது ஓர் அடித்தளம்.

இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். "வேலூர்ல கண்டுபிடிச்சதா? அப்போ சரி" என்றார். இங்கிலாந்து டாக்டர் சொன்னதற்கு இல்லாத மரியாதை வேலூருக்குக் கிடைத்தது.

வாசலில் நிற்கும் பேட்

பேட் வந்த முதல் மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. வெளியே போகும்போது போட்டுக்கொள்வார். திரும்பி வந்ததும் வாசலில் ஷூவைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வருவார். அறுபது வருஷப் பழக்கம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சமையலறைத் தரையில் சிவப்பாகச் சின்னச் சின்ன வட்டம் இருப்பதை அம்மாதான் முதலில் பார்த்தார். குங்குமம் சிந்திவிட்டது என்று நினைத்துத் துடைக்கத் துணி எடுத்தார். வட்டங்கள் ஹாலுக்குப் போய், அங்கிருந்து அப்பா உட்கார்ந்திருந்த சோபாவுக்குப் போயின. என் பையனுடைய பிளாஸ்டிக் பொம்மைத் துண்டு ஒன்று அவருடைய முன்பாதத்தில் குத்தி நின்றது. எப்போது குத்தியது என்று அவருக்குத் தெரியாது. அதோடேயே டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து, செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் புண் ஆற பதினோரு வாரம் ஆனது. அவ்வளவு நாளும் எடுத்துக் கழற்ற முடியாத பூட்ஸ், வாரத்துக்கு ஒருமுறை கட்டு, இரண்டு தடவை ஆன்டிபயாடிக். எலும்புக்குப் போகவில்லை என்று எக்ஸ்-ரே பார்த்துச் சொன்ன அன்றைக்குத்தான் வீட்டில் எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிட்டோம்.

பேட் செய்து கொடுத்த இடத்தில் எவ்வளவோ கேட்டார்கள். என்ன ஷூ போடுவீர்கள், எவ்வளவு தூரம் நடப்பீர்கள், கார் ஓட்டுவீர்களா என்று. வீட்டுக்குள் காலில் என்ன இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பவர்களுக்கு அது தோன்றாது. நமக்கோ, சொல்ல வேண்டிய விஷயமாகவே தெரியாது.

இது நம் பிரச்சினை மட்டும் இல்லை. 2013-இல் நெதர்லாந்தில் ஓர் ஆய்வு வெளியானது. முன்பு பாதப் புண் வந்து ஆறிய 107 சுகர் நோயாளிகளுக்குக் காலுக்கேற்பச் செய்த ஷூவில் ஒரு சின்னக் கருவியை வைத்துக் கணக்கெடுத்தார்கள். வெளியே நடந்த ஸ்டெப்களில் 87 சதவீதம் அந்த ஷூவோடு. வீட்டுக்குள் நடந்ததில் 61 சதவீதம்தான். இன்னும் முக்கியமான கணக்கு வேறு. அவர்கள் நாளுக்குச் சராசரியாக வெளியே நடந்தது 2,600 ஸ்டெப், வீட்டுக்குள் 3,960. நடப்பது அதிகம் வீட்டில், பாதுகாப்பு குறைவும் வீட்டில். வாசலில் ஷூவைக் கழற்றியே ஆக வேண்டும் என்ற வழக்கம் இல்லாத ஊரிலேயே இந்த நிலைமை. நம் வீட்டில் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

உணர்ச்சி குறைந்த காலோடு வெறுங்காலில் நடக்கக்கூடாது, வெறும் சாக்ஸோடும் நடக்கக்கூடாது, மெல்லிய ஸ்லிப்பரோடும் நடக்கக்கூடாது, வீட்டுக்குள்ளும் சரி வெளியிலும் சரி. சர்வதேச வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது.

"வீட்டுக்குள்ள செருப்பா?"

இந்தப் பேச்சை ஆரம்பித்தால் முதலில் வரும் பதில் இதுதான். அம்மா சொன்னது இன்னும் நேராக இருந்தது: "லட்சுமி இருக்கிற வீடு. செருப்புப் போட்டுட்டு அடுப்படிக்கு வருவாரா?"

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஷூ வெளியே, கால் உள்ளே என்பது சுத்தம், மரியாதை இரண்டும் சேர்ந்த பழக்கம். அதை உடைக்க வேண்டாம். அதற்குள்ளேயே ஒரு வழி கண்டுபிடித்தால் போதும். எங்களுக்குக் கிடைத்த வழி, வீட்டுக்கென்றே தனி ஜோடி. தெருவில் ஒருநாளும் மிதிக்காத, கடைப் பெட்டியிலிருந்து நேராக ஹாலுக்கு வந்த ஜோடி. "இது செருப்பு இல்லம்மா, கால்ல போடுற மருந்து" என்று சொன்னதும் அம்மா யோசித்தார். மறுநாள் அவரே அதை ஈரத்துணியால் துடைத்து, கட்டில் பக்கத்தில் எடுத்து வைத்தார். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து போகும்போதும் கைக்கு எட்ட வேண்டும் இல்லையா?

வீட்டு ஜோடி வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

• பின்னால் பட்டை இருக்கட்டும். மரத்த காலிலிருந்து ஸ்லிப்பர் கழன்று போனாலும் அவர்களுக்குத் தெரியாது. கட்டைவிரல் இடுக்கில் வார் போகும் மாடல் வேண்டாம், அந்த இடத்தில் உரசும்.

• வெல்க்ரோ நல்லது. குனிந்து கட்டச் சிரமப்படுகிறவர்கள், கட்டாமலேயே விட்டுவிடுவார்கள்.

• உள்ளே இருக்கும் அட்டையை எடுத்துவிட்டு, அச்சு எடுத்த பேடை வைக்கிற அளவுக்கு ஆழம் வேண்டும். இரண்டாவது ஜோடி பேட் கிடைக்குமா என்று கேளுங்கள். முதல் அச்சே இருப்பதால் மறுபடி அளவெடுக்காமல் பல இடங்களில் செய்து தருவார்கள்.

• ஊரிலிருந்து எம்.சி.ஆர். செருப்பு வாங்கி வந்திருந்தால், அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது அதையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆபத்து குறைவான காலுக்கு அது வீட்டுக்குள் போதும் என்று சொல்லலாம். முன்பே புண் வந்தவர்களுக்கு அது போதாது.

நெதர்லாந்திலும் பின்னால் இதையேதான் செய்து பார்த்தார்கள். வீட்டுக்குள் போட இலேசான தனி ஜோடி செய்து கொடுத்ததும், வீட்டில் போட்டுக்கொள்வது கூடியது.

பூஜை அறைக்கு எங்கள் வீட்டில் ஏற்பாடு இது. வாசற்படியில் ஒரு நாற்காலி. அங்கே உட்கார்ந்து, கழற்றி, இரண்டு அடி வைத்து உள்ளே போய், உள்ளே போட்டிருக்கிற நாற்காலியில் உட்கார்ந்து கும்பிடுகிறார். அந்தத் தரையை மட்டும் தினமும் கையால் தடவிப் பார்ப்பது என் பெண்ணின் வேலை.

கோவில் விஷயத்தில் வீட்டு நாற்காலி மாதிரி சுலபமான ஏற்பாடு இல்லை. இங்கே கார்ப்பெட் போட்ட கோவில் என்றால் தடித்த சாக்ஸ், குறைந்த நடை. ஊருக்குப் போகும்போதுதான் கூடுதல் கவனம். வெயில் நேரப் பிராகாரக் கல்லில் நமக்குக் கால் சுட்டுக் குதிப்போம். அவர்கள் சாவகாசமாகச் சுற்றி வருவார்கள். ராத்திரி பார்த்தால் கொப்புளம். காலை ஏழு மணிக்குள் தரிசனம், சக்கர நாற்காலி, அல்லது ஒரு சுற்று மட்டும். "சாமி கோவிச்சுக்காது" என்று சொல்வதற்குக் குருக்கள் யாராவது கிடைத்தால் வேலை இன்னும் சுலபம். குளிர் நாடுகளில் ஹீட்டருக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்காருவதும், வெந்நீர்ப் பையைக் காலில் வைத்துத் தூங்குவதும் இதே கணக்கில்தான் வரும்.

புதுசு என்று எடுத்து வைக்காதீர்கள்

நம் பெற்றோருக்கு நல்ல பொருள் என்றால் நல்ல நாளுக்கு. அப்பாவும் முதலில் பேடைக் கல்யாணத்துக்கும் டாக்டரைப் பார்க்கவும் மட்டும்தான் போட்டார். அது பட்டு வேட்டி இல்லை, தேய்வதற்கென்றே செய்தது.

அதே சமயம் முதல் நாளே முழு நேரமும் போடக்கூடாது. முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். கழற்றும் ஒவ்வொரு முறையும் காலைப் பார்க்க வேண்டும். இங்கே நமக்கென்று ஒரு குறிப்பு உண்டு. 'சிவந்திருக்கிறதா பாருங்கள்' என்று துண்டறிக்கைகளில் போட்டிருப்பார்கள். நம் தோல் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கருத்தோ ஊதா சாயலிலோ, பக்கத்துத் தோலைவிட மினுமினுப்பாகவோ தெரியும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல், புறங்கையை வைத்து இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் இடம் மட்டும் சூடாக இருந்தால், அங்கே ஏதோ நடக்கிறது. அரை மணி நேரத்துக்குப் பிறகும் அந்தத் தடம் போகாவிட்டால், பேடை அவர்களிடமே திருப்பிக் கொண்டுபோய்ச் சரி செய்யச் சொல்லுங்கள்.

பேட் வைத்ததால் ஷூ இறுகிப் போனால், வைக்காமல் இருப்பதே மேல் என்றாகிவிடும். மேலே விரல் உரசும். எனவே பழைய இன்சோலைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். ஷூவே ஆழமானதாக இருக்க வேண்டும். போடுவதற்கு முன் உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கல், சாவி, பேரன் ஒளித்து வைத்த பளிங்கு எல்லாம் கிடைக்கும்.

நனைந்த ஷூவைப் பேடோடு ரேடியேட்டர் மேல் வைக்காதீர்கள், வெயிலில் நிற்கும் காரிலும் விடாதீர்கள். சூட்டில் படியும் நுரை, வேறு வடிவத்துக்கும் படியும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவைத்தால் போதும். தினமும் போட்டால் நுரை மாதக் கணக்கில் தட்டையாகும், வருஷக் கணக்கில் இல்லை. அதனால் கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் பேடையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். முன்பாதம் படும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். எழும்பி வராவிட்டால் மாற்ற வேண்டிய நேரம்.

பிள்ளைகளுக்கும் வேண்டுமா?

தாத்தாவுக்குப் பேட் வந்ததும், "பேத்திக்கும் பாதம் தட்டையாத்தானே இருக்கு, அவளுக்கும் ஒண்ணு செஞ்சிடலாமா?" என்ற கேள்வி வந்தது. உங்கள் வீட்டிலும் வரும்.

குழந்தைகள் எல்லோரும் தட்டைப் பாதத்தோடுதான் பிறக்கிறார்கள். பாதக் குழி வளர வளரத்தான் தெரியும், பத்து வயதுவரைகூட ஆகலாம். குழந்தையைக் கால் நுனியில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது குழி தெரிந்து, வலியும் இல்லை, ஓடி விளையாடுகிறாள் என்றால், பெரும்பாலும் எந்தப் பேடும் தேவையில்லை. வலி இருந்தால், ஒரு கால் மட்டும் தட்டையாக இருந்தால், நுனியில் நின்றாலும் குழி வராமல் விறைப்பாக இருந்தால், அடிக்கடி விழுந்தால் காட்டுங்கள். மற்றபடி பிள்ளைகள் வீட்டுக்குள் வெறுங்காலோடு ஓடுவது அவர்கள் பாதத்துக்கு நல்லதுதான். ஒரே வீட்டில் பேத்திக்கு ஒரு சட்டம், தாத்தாவுக்கு ஒரு சட்டம். அதைப் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுத்தால் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள்.

நமக்கு வரும் குதிகால் வலி இன்னொரு கதை. அதற்கு அச்சு எடுத்துச் செய்த பேடுக்கும், நல்ல ரெடிமேட் பேடுக்கும் ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முதலில் ரெடிமேடை முயன்று பார்ப்பதில் தவறில்லை. கடையில் ஒரு மெஷின் மேல் நிற்கவைத்து 'கஸ்டம்' என்று கொடுப்பது பல நேரம் ஏற்கெனவே செய்து வைத்ததில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதுதான். மரத்துப்போன சுகர் காலுக்கு மட்டும் இந்தச் சிக்கனம் கூடாது.

யாரிடம் போவது, யார் பணம் கட்டுவது

பிரிட்டனில் சுகர் உள்ளவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை உண்டு. அதில் ஆபத்து அதிகம் என்று வந்தால் என்.எச்.எஸ். வழியாகவே பேடும் ஷூவும் கிடைக்கும். தனியாரிடம் போனால், அவர் பெயர் எச்.சி.பி.சி. பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் மெடிகேர் வைத்திருக்கும் சுகர் நோயாளிகளுக்கு, நிபந்தனைகள் பொருந்தினால், ஒவ்வொரு வருஷமும் ஆழமான ஷூ 1 ஜோடியும் பேட் 3 ஜோடியும் எடுக்கலாம். சுகருக்குப் பார்க்கும் டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். பல பேர் இதை எடுப்பதே இல்லை. அந்த 3 ஜோடியில் ஒன்றை வீட்டு ஜோடிக்கு ஒதுக்கலாமா என்று கேளுங்கள். கனடாவில் வேலை இடத்து இன்ஷூரன்ஸில் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் டாக்டர் சீட்டு கேட்பார்கள், யார் செய்து கொடுத்தார் என்றும் பார்ப்பார்கள். பெற்றோர் விசிட்டர் விசாவில் வந்திருந்தால் இதெல்லாம் பொருந்தாது. கிளம்புவதற்கு முன் ஊரிலேயே பாதப் பரிசோதனையும் செருப்பும் முடித்துவிட்டு வரச் சொல்வது நல்லது.

கடைசியாக, ஃபிரிட்ஜில் ஒட்டி வைக்க ஒரு சின்னப் பட்டியல். இவற்றில் எது வந்தாலும் அதே நாளில் டாக்டரிடமோ பாத கிளினிக்கிலோ பேச வேண்டும். மஞ்சள், எண்ணெய், "ரெண்டு நாள் பாப்போம்" எதுவும் வேண்டாம்.

• எவ்வளவு சின்னதானாலும் புண், கொப்புளம், வெடிப்பிலிருந்து கசிவு.
• சாக்ஸில் கறை அல்லது வாடை.
• தடித்த தோலுக்கு அடியில் கருப்பு.
• அடிபடாமலேயே ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது. வலி இல்லாவிட்டாலும் இது அவசரம். எலும்பே நொறுங்கிக்கொண்டிருக்கலாம். பார்க்கும்வரை அந்தக் காலை ஊன்ற விடாதீர்கள்.
• விரல் நிறம் மாறுவது, அல்லது புண்ணோடு காய்ச்சல்.

தினமும் காலைப் பார்க்கும் வேலையை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்தால், உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். எங்க வீட்டில் ராத்திரி பல் தேய்த்ததும் பேரன் தாத்தாவின் பாதத்தைப் போன் வெளிச்சத்தில் பார்க்கிறான். "ஆல் கிளியர் தாத்தா" என்று தமிழ் உச்சரிப்பில் சொல்கிறான். இரண்டு நிமிஷ வேலை. தாத்தாவுக்கு அந்த இரண்டு நிமிஷம் கால் நீட்டி உட்கார ஒரு சாக்கு.